நாடு கடத்த முடியாமற்போன பெயர்

ராகலை நகரிலிருந்து எந்தப் பக்கம் இறங்கினாலும் ஏதோவொரு ஆங்கிலப் பெயருக்குள்தான் போய் நிற்போம். லிடெஸ்டேல், சென். லெனாட்ஸ், புரூக்சைட், டெல்மார். லிடெஸ்டேல் என்பது ஸ்கொட்லாந்தின் எல்லையோரத்தில் இருக்கும் ஒரு பள்ளத்தாக்கு. அந்தப் பள்ளத்தாக்கைக் கண்ணால் கண்டிராத பல தலைமுறைகள் அதன் பெயரைப் பிறப்புச் சான்றிதழில் சுமந்திருக்கின்றன. எந்தத் தோட்டத்துப் பெயர்ப்பலகையிலும் இல்லாத ஆங்கிலப் பெயர் ஒன்றும் மலையகத்துக்கு உண்டு. தொழிற்சங்க வரலாற்றை எழுதுகிற எவரும் தாண்டிப்போக முடியாத பெயர் அது: பிரேஸ்கேர்டில்.

1937 ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் இந்தத் தீவு முழுவதும் உச்சரித்த பெயர். அதற்கு உரியவர் மார்க் அந்தனி லைஸ்டர் பிரேஸ்கேர்டில். அப்போது அவருக்கு வயது 24. தேயிலைத் தோட்டத்தில் தொழில் பழக வந்த வெள்ளைக்காரர். தேசாதிபதி அவரை நாடு கடத்த உத்தரவிட்டார், முடியவில்லை. சுருக்கமாகச் சொன்னால் கதை அவ்வளவுதான். ஆனால் நாடு கடத்தல் என்ற சொல்லை நம்மைப் போன்றவர்கள் அவ்வளவு சுருக்கமாகக் கடந்துவிட முடியாது.

முதலில் பெயரைப் பார்ப்போம். ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களில் பெரும்பகுதி நடுக்காலத்தில் நிலைபெற்றவை. ஊர், தகப்பன் பெயர், உடல் அடையாளம், தொழில் என்று ஏதோ ஒன்றிலிருந்து பிறந்தவை. 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் மூதாதை ஒருவர் தையற்காரர். நுவரெலியாவில் பண்ணை அமைத்த சாமுவேல் பேக்கரின் மூதாதை ரொட்டி சுட்டவர். இவை தெருவுக்குத் தெரு கிடைக்கும் பெயர்கள். பிரேஸ்கேர்டில் அப்படியல்ல. இங்கிலாந்திலேயே அரிதான பெயர். வடமேற்கே செஷயர் பகுதியோடுதான் அதற்கு வேர்த்தொடர்பு அதிகம்.

அதன் பொருள் எளிமையானது. பழைய ஆங்கிலத்தில் காற்சட்டைக்கு ஒரு சொல், இடுப்புக் கச்சைக்கு ஒரு சொல். இரண்டும் சேர்ந்து காற்சட்டை நழுவாமல் இடுப்பில் கட்டும் கச்சையைக் குறித்தன. நம் வழக்கில் சொன்னால் அரைக்கச்சு. அதைச் செய்து விற்றவரை ஊர் அந்தப் பொருளின் பெயராலேயே அழைத்தது, பிள்ளைகளுக்கும் அது ஒட்டிக்கொண்டது. பின்னர் உடை மாறியது, கச்சை போனது, சொல்லும் பேச்சிலிருந்து மறைந்தது. குடும்பப் பெயராக மட்டும் அது மிஞ்சியது. காலப்போக்கில் ஆங்கிலேயருக்கே அந்தப் பெயர் சற்றுச் சிரிப்பூட்டுவதாகிவிட்டது போலும். டோல்கின் தன் புகழ்பெற்ற கற்பனைக் கதையில் குள்ள மனிதக் குடும்பம் ஒன்றுக்கு இந்தப் பெயரைச் சூட்டியிருக்கிறார்.

மலையில் இன்றும் கொழுந்துக்குப் போகும் பெண்கள் இடுப்பில் படங்கைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கொள்கிறார்கள். அந்த இடுப்புக் கட்டுக்குரிய பெயரோடு ஒருவர் கடல் கடந்து அவர்களிடம் வந்து சேர்ந்தது தற்செயல்தான். அதில் வேறெந்த அர்த்தமும் தேட வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

மார்க்குக்கு முன்பே இந்தப் பெயரை இங்கிலாந்து அறிய வைத்தவர் ஒரு பெண், நாடக நடிகை ஆன் பிரேஸ்கேர்டில். 17 ஆம் நூற்றாண்டின் கடைசியில் இலண்டன் மேடையின் முதன்மை நடிகையரில் ஒருவர். 1692 இல் ஓர் இராணுவ அதிகாரி ஒரு பிரபுவின் துணையோடு அவரைக் கடத்திச் செல்ல முயன்றான். முயற்சி தோற்றதும், அவருக்குக் காதலன் என்று தான் சந்தேகித்த சக நடிகர் வில்லியம் மவுண்ட்போர்டைத் தெருவில் வைத்துக் குத்திக் கொன்றான். ஆன் அதற்குப் பிறகும் மேடையில் நின்றார். புகழின் உச்சியிலேயே விலகிக்கொண்டு நீண்ட காலம் வாழ்ந்தார். 1748 இல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் மடாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இன்னொருவர் அவுஸ்திரேலியக் கடற்படை அதிகாரி லெய்டன் பிரேஸ்கேர்டில். முதலாம் உலகப் போரில் கலிப்பொலியில் கடற்படையின் பாலம் அமைக்கும் அணிக்குத் தலைமை தாங்கியவர். 1931 முதல் அவுஸ்திரேலிய மகாதேசாதிபதியின் இராணுவச் செயலாளர். ஆக 1937 இல் ஒரு பிரேஸ்கேர்டில் அரசரின் பிரதிநிதிக்குப் பக்கத்தில் நின்றார். மற்றொரு பிரேஸ்கேர்டிலை அரசரின் பிரதிநிதி தீவைவிட்டுத் துரத்திக்கொண்டிருந்தார்.

துரத்தப்பட்டவர் 1912 செப்டம்பர் 10 ஆம் திகதி இலண்டன் செல்சியில் பிறந்தவர். தாய், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய இயக்கத்தைச் சேர்ந்தவர், தொழிற்கட்சிக்காரர். பையனுக்கு அரசியல் வீட்டிலேயே கிடைத்திருக்கிறது. தாயோடு அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து ஓவியம் படித்தார், விவசாயம் பழகினார், இளம் கம்யூனிஸ்ட் கழகத்தில் சேர்ந்தார். 1936 இல் கப்பலேறி இலங்கைக்கு வந்தார். கண்டிக்கு அப்பால் மடுல்கலைப் பகுதியில் ரெலுகாஸ் தோட்டத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. தொழில் பழக வரும் வெள்ளை இளைஞரைத் துரைமார் கிறீப்பர் என்பார்கள். பழகி முடித்தால் சின்னத்துரை, அதற்குப் பிறகு பெரியதுரை, பங்களா, குதிரை, கிளப். பாதை போட்டுத்தான் வைத்திருந்தார்கள்.

அவர் பார்த்த தோட்டம் எப்படியிருந்தது என்று நம் வாசகர்களுக்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பரா, அதற்குள் ஒரு குடும்பம். விடியுமுன் பிரட்டுக்களம். நாட்கூலி ஐம்பது சதத்தை ஒட்டியது. பொருளாதார மந்தத்தைச் சாட்டி அதிலும் வெட்டியிருந்தார்கள். தோட்டத்துப் பேச்சில் பேர் என்றால் கூலி என்பதும் நமக்குத் தெரியும். முழு நாளைக்கு ஒரு பேர், கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். மனிதருடைய பெயர் செக்ரோலில் விழுந்தால்தான் அன்றைக்கு அவர் வேலை செய்தவர். துரையின் பெயர் பரம்பரைக்கும் நிற்க, தொழிலாளியின் பேர் ஒவ்வொரு காலையும் புதிதாக விழவேண்டும்.

பிரேஸ்கேர்டில் இதைச் சகித்துக்கொண்டு பாதையில் நடந்திருந்தால் வரலாற்றில் இடமே இருந்திருக்காது. தொழிலாளருக்கும் நிர்வாகத்துக்கும் தகராறு வந்தபோது அவர் தொழிலாளர் பக்கம் நின்றார். வேலை போனது. அவரை அவுஸ்திரேலியாவுக்குத் திருப்பி அனுப்பிவிட ஏற்பாடானது. அவரோ கொழும்புக்குப் போய் லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். கட்சிக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை. 1936 நவம்பர் 28 ஆம் திகதிக் கூட்டமொன்றில் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா அவரை மேடையேற்றி அறிமுகம் செய்தார். வெள்ளைக்காரர் ஒருவர் தோழராக மேடையேறியது கட்சிக்குப் பெருமையாக இருந்தது. துரைமாருக்கு அது இன அவமானமாகப் பட்டது.

தோட்டங்கள் தனியார் நிலம். அனுமதியின்றி உள்ளே போகும் சங்கக்காரர் மீது அத்துமீறல் வழக்குப் போடலாம். அதனால் மலையகத்துக் கூட்டங்கள் பசார் நகரங்களில்தான் நடக்கும். 1937 ஏப்ரல் 3 ஆம் திகதி நாவலப்பிட்டியில் அப்படியொரு கூட்டம். ஏறக்குறைய 2000 தோட்டத் தொழிலாளர் திரண்டிருந்தனர். இந்தியாவிலிருந்து வந்திருந்த சோசலிசத் தலைவி கமலாதேவி சட்டோபாத்யாயவின் உரையைக் கேட்க வந்தவர்கள் அவர்கள். அங்கே என்.எம். பெரேரா பிரேஸ்கேர்டிலை அறிமுகப்படுத்தினார். துரைமாரின் அட்டூழியங்களை உள்ளேயிருந்து பார்த்தவன் என்ற உரிமையோடு அவர் பேசினார். தொழிற்சட்டங்களைத் துரைமார் மீற இடம் கொடுக்காதீர்கள் என்பது பேச்சின் சாரம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கூட்டம் சாமி, சாமி என்று குரல் கொடுத்ததாகத் துரைமார் தரப்புப் பதிவு சொல்கிறது. அவருடைய முகபாவம்கூட அச்சுறுத்துவதாக இருந்தது என்பது அவர்கள் புகாரில் ஒன்று. பேச்சைவிட அவர்களை உறுத்தியது வேறு: வெள்ளைத் தோல் என்றால் துரை என்றிருந்த கணக்கை அந்த மாலை குழப்பிவிட்டது.

முறைப்பாடு தேசாதிபதி சேர் றெஜினோல்ட் ஸ்டப்ஸிடம் போனது. தொழிலாளர் எழுச்சி அவருக்குப் புதிதல்ல. 1922 இலும் 1925 இலும் ஹொங்கொங்கைப் பெரும் வேலைநிறுத்தங்கள் ஆட்டியபோது அங்கே ஆளுநராக இருந்தவர் அவர்தான். 1896 ஆம் ஆண்டின் பழைய அரசாணை ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, ஏப்ரல் 22 ஆம் திகதி நாடு கடத்தல் உத்தரவைக் கொடுத்தார். 48 மணி நேரம் தவணை. மூல்தான் கப்பலில் ஏறவேண்டும் என்பது கட்டளை.

மூல்தான் போனது. அவர் போகவில்லை, தலைமறைவானார். பொலிஸ் தேடியது. மே தினத்தன்று கொழும்பு பிரைஸ் பார்க்கில் தொழிலாளர் ஏந்திய பதாகைகள் பிரேஸ்கேர்டில் எங்களுக்கு வேண்டும், ஸ்டப்ஸை நாடு கடத்துங்கள் என்ற பொருளில் எழுதப்பட்டிருந்தன. மே 5 ஆம் திகதி அரசாங்க சபையில் என்.எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் தேசாதிபதிக்கு எதிராகக் கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தனர். உள்நாட்டு அமைச்சுப் பொறுப்பில் இருந்தவரின் ஆலோசனையின்றி உத்தரவு பிறப்பித்தது குற்றம் என்பது வாதம். ஆதரவாக 34 வாக்குகள், எதிராக 7. குடியேற்ற நாடொன்றில் ராசாவின் பிரதிநிதிக்கு இப்படியொரு அடி விழுவது சாதாரண விடயமல்ல.

அன்றைய நாளே காலிமுகத்திடலில் கூட்டம். ஐம்பதாயிரம் பேர் என்பது அக்காலக் கணக்கு. மேடையில் சமசமாஜத் தலைவர்களோடு ஏ.ஈ. குணசிங்கவும் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் இருந்தார்கள். திடீரென்று பிரேஸ்கேர்டில் மேடையில் தோன்றினார். அத்தனை சனத்துக்கு நடுவில் பொலிஸ் கை வைக்கத் துணியவில்லை.

இரண்டொரு நாளில் புதுக்கடையில் கட்சிச் செயலாளர் வேர்னன் குணசேகரவின் வீட்டில் வைத்து அவரைக் கைது செய்தார்கள். உடனே உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. நாட்டின் முதல்தர வழக்கறிஞர் எச்.வி. பெரேரா கட்டணமின்றித் தோன்றினார். மே 18 ஆம் திகதி தலைமை நீதியரசர் சிட்னி ஆபிரகாம்ஸ் தலைமையிலான ஆயம் தீர்ப்பளித்தது. அந்த 1896 ஆம் ஆண்டு அதிகாரம் அவசரநிலைக்கு உரியது. நாட்டில் போருமில்லை, கிளர்ச்சியுமில்லை. பேசியதற்காக ஒருவரை அதைக்கொண்டு நாடு கடத்த முடியாது. பிரேஸ்கேர்டில் விடுதலையானார்.

ஆட்கொணர்வு மனு என்ற சொல்லை வன்னியில் ஒரு தாய்க்கும் விளக்க வேண்டியதில்லை. 2009 மே மாதம் வட்டுவாகலில் தங்கள் கையால் படையினரிடம் ஒப்படைத்த கணவனுக்காகவும் பிள்ளைக்காகவும் அந்த மனுவோடு வருடக்கணக்கில் நீதிமன்றப் படியேறியவர்கள் அவர்கள். 1937 இல் அதே மனு ஏறக்குறைய பத்து நாளில் ஒரு மனிதனை வெளியே கொண்டுவந்தது. அவசரநிலை இல்லாவிட்டால் அரசு இப்படிச் செய்ய முடியாது என்று அன்று நீதிமன்றம் சொன்னது. பின்னால் வந்த ஆட்சிகள் அதற்கு வேறு வழி கண்டுபிடித்தன: அவசரநிலையையே அன்றாட நிலையாக்கினார்கள். அதுவும் போதாமல் 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது.

பிரேஸ்கேர்டில் விவகாரத்தை இலங்கைச் சுதந்திரப் போராட்டத்தின் ஒரு மைல்கல்லாக எழுதுவது வழக்கம். அது சரிதான். ஆனால் அந்த எழுத்துகளில் ஒன்று மெல்ல நழுவிப்போவதைக் கவனிக்கலாம். நாவலப்பிட்டியில் சாமி என்று கூப்பிட்ட 2000 பேர் ஏப்ரல் 3 ஆம் திகதியோடு கதையிலிருந்து காணாமற் போகிறார்கள். காலிமுகத்திடலுக்கு வரும்போது பேச்சு முழுக்கத் தேசாதிபதியின் அதிகாரம், அமைச்சரின் அதிகாரம், பேச்சுரிமை. லயமும் கூலியும் எந்தக் காரணத்துக்காகப் பேச்சே எழுந்ததோ அந்தக் காரணம் பின்வரிசைக்குப் போய்விட்டது. தோட்டத் தொழிலாளர் பக்கம் நின்ற வெள்ளையனைக் காப்பாற்றத் தீவே ஒன்றுசேர்ந்தது. தோட்டத் தொழிலாளரைக் காப்பாற்ற அப்படியொரு நாள் வரவேயில்லை.

பதினொரு ஆண்டுகள் கழித்து, 1948 இல், சுதந்திர இலங்கையின் நாடாளுமன்றம் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவராயினர். காலிமுகத்திடலில் பிரேஸ்கேர்டிலுக்காகப் பேசிய பண்டாரநாயக்க அச்சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில் ஓர் அமைச்சர். சமசமாஜிகள் அன்று அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். அதை மறுப்பது அநியாயம். ஆனால் 1970 இல் என்.எம். பெரேராவும் கொல்வினும் அரசாங்கத்தில் இருந்தார்கள். சிறுபான்மையினருக்கு இருந்த பாதுகாப்புப் பிரிவை நீக்கிய 1972 அரசியலமைப்பு கொல்வினின் பொறுப்பில் உருவானது. தோட்டக் கைத்தொழில் அமைச்சும் அவரிடமே இருந்தது. 1973, 74 இல் லயங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்ததும், குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இறங்கியதும் அந்தக் காலத்தில்தான். 1977 இலும் 1983 இலும் அடி வாங்கி மேலும் பலர் அங்கே போனார்கள். பின் போர் அவர்களை அங்கேயும் விடவில்லை. பிரேஸ்கேர்டிலை மேடையேற்றிய மனிதர்களின் கதையை 1937 உடன் நிறுத்திக்கொள்வது அவர்களுக்குச் செய்யும் தேவையற்ற உபசாரம்.

குடியுரிமை கேட்டு 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. பெயர் மாறுபாடு, எழுத்துப்பிழை போன்ற சிறு காரணங்களுக்காகவும் விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன. நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. தகப்பன் பெயர்தான் முன்னெழுத்து. கணக்கப்பிள்ளை ஒரு விதமாக எழுதியதை ஆஸ்பத்திரிப் பதிவு வேறு விதமாக எழுதியிருக்கும். எழுநூறு வருடமாக மாறாமல் வந்த ஓர் அரைக்கச்சுப் பெயரின் முன் தேசாதிபதியே தோற்றுப்போன நாட்டில், ராமசாமி ஓரிடத்தில் ராமனாக இருந்தால் நாடே இல்லாமற் போகும்.

1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு பிரித்தார்கள். போகிறவர்களை மலையிலிருந்து தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற ரயிலுக்குச் சனங்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. மூல்தான் கப்பலைப் போல அது யாரையும் விட்டுவிட்டுப் போகவில்லை.

பிரேஸ்கேர்டில் மீது பழி சொல்ல இதில் எதுவுமில்லை. வசதியான வாழ்க்கை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது அதை உதறியவர். வந்து சில மாதங்களே ஆன நாட்டில், தன் மொழி பேசாத, தன் நிறமில்லாத மனிதர்களுக்காகத் தன் சொந்த இனத்தாரைப் பகைத்துக்கொண்டவர். தீர்ப்புக்குப் பிறகு இங்கிலாந்து சென்றார். யாரும் அனுப்பவில்லை, தானாகப் போனார். அவர் போன பின்பு சமசமாஜிகளின் சங்கம் தோட்டங்களுக்குள் நுழைந்தது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அந்த ஒற்றைப் பெயரை மலையகம் தன் முதல் தியாகியின் பெயராக வைத்திருக்கிறது. விசாரணையில் கோவிந்தன் தரப்புக்காக வாதாடியவரும் கொல்வின்தான்.

மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் 1999 ஜூன் 22 ஆம் திகதி, 86 ஆவது வயதில் காலமானார். அப்போது வன்னியில் போர் நடந்துகொண்டிருந்தது. மலையகத்தில் இன்னும் நாடற்றவர்களாக எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேற அதற்குப் பிறகும் நான்கு ஆண்டுகள் ஆயின.